நான்கு பீப்பாய் இரசமும் அம்மாவின் நல்ல பெயரும்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. முதலாண்டுத் திருப்பலிக்கு வரும் உங்கள் எல்லாருடைய கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். இதில் பங்குச் சாமியாரின் ஆசியுரை இருக்கிறது, பேரப்பிள்ளைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. அம்மாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். "டீச்சரம்மா நீ இருக்கறப்ப நான் எழுதுனா நல்லாவா இருக்கும்? அழகா எழுதிப்போடு கண்ணு" என்றார். அழகாக எழுத வருகிறதோ இல்லையோ, உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

எழுதுவதற்கு எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அம்மாவைப் பற்றி நம் உறவில் பேச்சு வந்தால் எல்லாரும் பெருமையாகத்தான் பேசுகிறீர்கள். புருசன் போன பிறகு தனி மனுஷியாக நின்று இத்தனை மாதா கோவில்களுக்குப் பூசைக்கான திராட்சை இரசம் செய்து கொடுத்தவர் என்கிறீர்கள். எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாயசத்தில் கல் கடிபட்ட மாதிரி அதன் நடுவே ஒரு சொல்லும் வந்துவிடுகிறது. "ஒருக்கா சர்க்கரை கலந்துபோட்டாங்கதான், ஆனா தப்புன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல" என்கிறீர்கள். போன வருடம் துக்கம் கேட்க வந்த இடத்தில்கூட இரண்டு பேர் இதைப் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அம்மாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்தச் சொல்லை எடுத்துப்போட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அம்மா பிறந்தது சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில். ஏழு பிள்ளைகளில் நான்காவது. தாய் தகப்பன் இருவருமே அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அம்மாவும் கரும்பில் காய்ந்த சோகை உரிக்கப் போனார். வீட்டுக்கு எதிரிலேயே நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் ஆலைக் கொட்டகை. "பொறந்ததுல இருந்து அந்த வாசத்துலயே வளந்தவ நானு" என்று அடிக்கடி சொல்வார். பத்தொன்பது வயதில் கோவைக்கு மேற்கே, ஆலாந்துறைப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்.

அப்பா ஒரு கன்னியர் மடத்துத் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். மலையடிவாரம், நொய்யல் தண்ணீர், பந்தல் பந்தலாகப் பன்னீர்த் திராட்சை. அந்தப் பழத்திலிருந்துதான் மடத்துக்கும் சுற்றுவட்டாரக் கோவில்களுக்கும் பூசை இரசம் தயாரானது. அந்தக் காலத்தில் பிரான்சு தேசத்திலிருந்து வந்த ஒரு சாமியார் அப்பாவின் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்த முறை அது. சட்டம் ஒன்றே ஒன்றுதான். பழத்தைத் தவிர வேறு எதுவும் அதில் சேரக் கூடாது. சர்க்கரை கூடாது, சாயம் கூடாது, ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கூடாது. சேர்த்தால் அது பூசைக்கு ஆகாது.

அப்பா பழத்தை நசுக்கினால் அம்மா பீப்பாய் கழுவுவார். அப்பா வடித்தால் அம்மா துணி பிடிப்பார். கல்யாணமான முதல் வருடத்தில் அப்பா பீப்பாய்மீது காதை வைத்துக் கேட்பதைப் பார்த்து அம்மா சிரித்தாராம். "அதென்னங்க, பீப்பாய் உங்ககிட்டப் பேசுதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். பிறகு அம்மாவும் காதை வைக்கத் தொடங்கினார். உள்ளே சாறு பொங்கும்போது வரும் சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுவார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மஞ்சள் காமாலையில் அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்குப் பதினொன்று. அறுப்புக்கு இரண்டே வாரம் இருந்தது. மடத்தில் இரசம் செய்ய ஆள் தேடத் தொடங்கினார்கள். அம்மா காரியம் முடிந்த கையோடு போய்த் தலைமைச் சிஸ்டரைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனதால் அங்கே நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சிஸ்டர், ஆள் தேடறீங்களாமா? நான் செஞ்சு தாரேனுங்க."

அங்கே கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையைச் சேர்ந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மழையோ வெயிலோ கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அவரைக் குடைக்காரர் என்றே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அவர் திரும்பத் திரும்ப வருவார். அவர் சிஸ்டரைப் பார்த்து, "தாலியறுத்து ஒரு மாசங்கூட ஆவுலீங்க. அந்தக் கை பட்ட ரசத்தப் பூசைக்கு வெச்சா நல்லாவாங்க இருக்கும்?" என்றார். நாம் வேதத்துக்கு வந்து எத்தனை தலைமுறை ஆனாலும் சில பழக்கங்கள் மட்டும் நம்மோடு கூடவே கோவிலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

தலைமைச் சிஸ்டர் மலையாளத்துக்காரர், வாய் கொஞ்சம் காரம். "பெரியவரே, பூசைக்கு அப்பம் சுடறது யாரு?" என்று கேட்டார்.

"நீங்கதானுங்க சிஸ்டர்."

"எங்க கழுத்துல தாலி இருக்கா?"

குடைக்காரர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் போன பிறகு சிஸ்டர் அம்மாவைத் தேற்றுவதற்காக, பிரான்சு தேசத்தில் புருசன் இறந்த பிறகு திராட்சை இரசத் தொழிலைக் கையில் எடுத்துப் பேர் வாங்கிய விதவைகள் உண்டு என்று ஒரு கதை சொன்னார். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "அவிகளுக்குத் தோட்டஞ் சொந்தமா இருந்திருக்குமுங்க சிஸ்டர். எனக்குக் கை மட்டுந்தானுங்க இருக்குது" என்றார். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். வேலை அம்மாவுக்குக் கிடைத்தது.

அந்த வருடம் தொடங்கிப் பதின்மூன்று வருடங்கள், ஒரு பீப்பாய்கூடக் கெடாமல் அம்மா இரசம் செய்தார். பகலில் தோட்டத்தில் கூலி வேலை, அதுபோக இரசக் கொட்டகையில் தனி வேலை. எங்களைப் படிக்கவைத்தார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து ஒரு பம்பு கம்பெனியில் சேர்ந்தார். நான் கோவையில் கல்லூரியில் வேதியியல் படித்தேன். கொட்டகைக்குப் போகும்போதெல்லாம் ஈஸ்ட், எத்தனால் என்று என் பாடத்தை அவிழ்த்துவிடுவேன். அம்மா பீப்பாயைக் கழுவிக்கொண்டே "ஓ, அப்படிங்களா" என்று என்னைக் கேலி செய்வார். மகளிடம் மரியாதை கூடினால் கேலி என்று அர்த்தம்.

என் படிப்பு முடிந்து, எனக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்த வருடம் பெரிய பொறுப்பு ஒன்று அம்மாவைத் தேடி வந்தது. அதுவரை சில கோவில்களுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த இரசத்தை, மறைமாவட்டத்தின் எல்லாக் கோவில்களுக்கும் அம்மாவே செய்து தர வேண்டும் என்று ஏற்பாடானது. கோவில்களுக்கான பூசைப் பொருட்களைக் கவனித்துவந்த சாமியார் நேரில் வந்து பார்த்து முடிவு செய்தார். வழக்கமாக மூன்று பீப்பாய், அந்த வருடம் எட்டு. மடத்துத் தோட்டத்துப் பழம் போதாமல் வெளித் தோட்டங்களிலும் வாங்கினார். பேரவையில் குடைக்காரர் மட்டும், "இத்தன பெரிய வேலையை ஒரு பொம்பளையை நம்பிக் குடுக்கறதாங்க?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். ஒரு பிசகு நடந்தால் வேலை கைவிட்டுப் போகும் என்பது வீட்டில் எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அந்த வருடம் பார்த்து அறுப்பு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நான்கு பீப்பாய்ப் பழம் மழைக்கு முன்னால் அறுத்தது, தேனாக இருந்தது. அடுத்த நான்கும் மழை குடித்த பழம். சாறு தண்ணீராக ஓடியது. அம்மா முகத்தில் கவலை தெரிந்தது, ஆனாலும் "மெதுவாப் பொங்கும், பாத்துக்கலாம்" என்றார். அந்த நேரத்தில்தான் சத்தியமங்கலத்தில் பெரியம்மா தவறிவிட்டதாகச் சேதி வந்தது. அம்மா மூன்று நாள் போயே ஆக வேண்டும். கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"காலைலயும் பொழுதோடயும் கலக்கி மட்டும் உடு கண்ணு. வேற ஒண்ணும் பண்ணிப்போடாத" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

நான் கலக்கினேன். சாற்றில் இனிப்பு எவ்வளவு என்று காட்டும் கண்ணாடி மிதவை ஒன்று அப்பா காலத்திலிருந்தே அங்கே இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். கடைசி நான்கு பீப்பாய்களிலும் இனிப்பு மிகக் குறைவு. இனிப்பு குறைந்தால் இரசத்தில் வலு இருக்காது, வலு இல்லாவிட்டால் சீக்கிரம் புளித்துக் காடியாகிவிடும், வினிகர் என்கிறோமே அதுதான். நான் படித்த படிப்பு அவ்வளவு தூரம் சரியாகத்தான் சொன்னது. அதற்கு மேல் நான் செய்ததற்குப் படிப்பும் காரணம், நம் ஊர்ச் சமையலறையும் காரணம். நம் வீடுகளில் எது புளித்தாலும், எது காரமானாலும், ஒரு கை நாட்டுச் சர்க்கரையைப் போட்டுச் சரிசெய்வதுதானே வழக்கம்? குழம்பிலும் போடுவோம், பழத்திலும் போடுவோம். வீட்டில் ஒரு மூட்டை இருந்தது. பீப்பாய்க்கு இரண்டு படி வீதம் வெதுவெதுப்பான சாற்றில் கரைத்து நான்கிலும் ஊற்றினேன். அம்மா வந்தால் மெச்சுவார் என்றுகூட நினைத்தேன்.

ஆமாம், சர்க்கரை போட்டது நான். சட்டம் எனக்கும் தெரியும், சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அம்மாவின் வேலை போய்விடுமே என்ற பயத்தில், பழத்தின் சர்க்கரையும் கரும்பின் சர்க்கரையும் உள்ளே போனால் ஒன்றுதானே என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். படித்தவள் செய்யும் தப்புக்குக் காரணம் சொல்ல அவளுக்கே நன்றாக வரும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா வந்தார். துக்க வீட்டிலிருந்து வந்தவர் குளித்துவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்தார். முதல் நான்கு பீப்பாய்களைத் திறந்து பார்த்து மூடினார். ஐந்தாவதைத் திறந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். ஆலைக் கொட்டகைக்கு எதிரில் பிறந்து வளர்ந்த மூக்கு அது.

"என்ன கண்ணு போட்ட?"

"சர்க்கரைங்கம்மா."

"எதுலெல்லாம்?"

"இந்த நாலுலயுமுங்க."

அம்மா திட்டவில்லை. பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "நாளைக்குக் காலைல போயிச் சாமியாருகிட்டச் சொல்லிப்போட்டு வந்தர்லாம்" என்றார்.

"அம்மா, யாருக்குங்க தெரியப்போவுது? பொங்கி முடிஞ்சா வாசமும் போயிரும். குடிச்சுப் பாக்கற யாருக்கும் வித்தியாசந் தெரியாதுங்க" என்று கெஞ்சினேன்.

"தெரியாதுதான்" என்றார் அம்மா. "பூசைல சாமியாரு கிண்ணத்தத் தூக்கிப் புடிக்கறப்ப நான் நிமுந்து பாக்கோணுமல்ல கண்ணு?"

நான் கொட்டகைச் சாவியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் பூசைப் பொருட்களைக் கவனித்த அந்தச் சாமியாரின் அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். நம் நேரம், குடைக்காரரும் அங்கே இருந்தார். அம்மா உட்காராமல் நின்றபடியே சொன்னார். "சாமி, கொட்டாய்ல தப்பு நடந்துபோச்சுங்க. நாலு பீப்பாய்ல சர்க்கரை சேந்துபோச்சுங்க. அது பூசைக்கு ஆகாதுங்க. மீதி நாலும் சுத்தமுங்க."

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். பீப்பாய் உருட்டிய கை, வலி உயிர் போனது. "என்ற கொட்டாய்ல நடந்தா நாந்தானுங்க சாமி" என்றார்.

அம்மா பொய் சொல்லவில்லை என்பதை வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டும். போட்டேன் என்று அவர் சொல்லவேயில்லை. தன் பொறுப்பு என்றார். கேட்டவர்கள் தங்களுக்கு விளங்கியபடி எடுத்துக்கொண்டார்கள்.

"நான் அன்னைக்கே சொன்னேனுங்களே சாமி" என்று ஆரம்பித்தார் குடைக்காரர். சாமியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அந்த வருடத்துக் குறையைப் பெங்களூரிலிருந்து வாங்கிக்கொள்வது, அடுத்த அறுப்பை மட்டும் அம்மா செய்வது, அதைக் கூட இருந்து மேற்பார்வை பார்க்க ஒருவரை அனுப்புவது, அது சரியாக வந்தால் மேற்கொண்டு தருவது, இல்லாவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு சொன்னார். மேற்பார்வைக்கு யார்? வேறு யார், குடைக்காரர்தான்.

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று நான் அழுதேன். "ஏனுங்கம்மா என்னையச் சொல்ல உடுலீங்க?" என்றேன்.

"உனக்கு நிச்சயம் பண்ணியிருக்குது. அவிக கோயில் குடும்பம். பூசை ரசத்துல கலப்படம் பண்ணுன புள்ளைன்னு ஒரு பேச்சு வந்துதுன்னா என்ன ஆவும்? எனக்கென்ன, நான் கட்டிக்குடுத்து அனுப்பப்போற பொண்ணா?" என்று சொல்லி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.

அடுத்த அறுப்புக்குப் பழம் வேண்டும். கண்ட தோட்டத்துப் பழத்தை நம்பி இறங்க அம்மா தயாராக இல்லை. எப்போது கொடியைக் கழித்துக் கவாத்து செய்வது, அறுப்புக்கு முன்னால் எப்போது தண்ணீரை நிறுத்துவது எல்லாம் தன் கையில் இருந்தால்தான் இனிப்பு தன் கையில் இருக்கும் என்றார். பக்கத்தில் ஒரு பெரிய தோட்டக்காரர் திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டுப் பாக்கு வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டார். அப்பா வழிச் சொந்தத்தில் பலர் தலைமுறை தலைமுறையாக அந்தத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்கள். அவரை எசமான் என்ற பொருளில் 'பண்ணாடி' என்று கூப்பிட்டுத் தள்ளி நின்று பேசியவர்கள். அம்மா அவருடைய களத்துக்கே போனார்.

"ஏனுங்கையா, பந்தலைப் பிரிக்கறதுக்கு மின்னால ஒரு வருசம் எங்கிட்டக் குத்தகைக்கு உடுங்க" என்றார்.

அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நீ பாத்துக்குவியா?"

"வெள்ளாமை பாத்துட்டுச் சொல்லுங்கையா" என்றார் அம்மா.

அந்த ஒரு வருடம் இன்றுவரை தொடர்கிறது, பாக்கு அங்கே வரவேயில்லை. நீ என்று பேச்சைத் தொடங்கிய அந்தப் பெரியவர் எந்த வருடத்திலிருந்து "வாங்கம்மா, உக்காருங்க" என்று நாற்காலி போடத் தொடங்கினார் என்பது எங்களுக்கே சரியாக நினைவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு அவர் மாலையோடு வந்து, மண் தள்ளும்வரை வெயிலில் நின்றிருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு அம்மாவை நினைத்து மிகவும் பெருமையாக இருந்தது.

அந்த அறுப்பு நாட்களைச் சொல்லாமல் விட முடியாது. குடைக்காரர் தினமும் காலையில் வந்து, கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பரோடு உட்கார்ந்துகொள்வார். அம்மா வேளா வேளைக்குக் காபி கொடுத்தார். நான்காம் நாள், "ஏனுங்க, சும்மா உக்காந்திருந்தா இடுப்புப் புடிச்சுக்குமுங்க. இந்தக் காம்பக் கொஞ்சம் உருவிக் குடுத்தர்றீங்களா?" என்று ஒரு கூடையை நகர்த்திவைத்தார். மனிதர் காம்பு உருவ ஆரம்பித்தார். அடுத்த வாரம் பீப்பாயில் காதை வைத்துக் கேட்டார். அதற்கடுத்த வாரம், பழத்தோடு ஒரு இலை விழுந்துவிட்டது என்று வேலைக்கு வந்த பெண்களை அவரே சத்தம் போட்டார். "அவரு மேப்பார்வைக்கு வந்தாரா, வேலைக்கு வந்தாரான்னே தெரியல" என்று அம்மா எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்த இரசம் பழுதில்லாமல் வந்தது. மறைமாவட்டப் பொறுப்பு அம்மாவிடமே நிலைத்தது. அப்புறம் அம்மா இறக்கும்வரை வேறு ஒருவர் கைக்கு அது போகவில்லை.

சர்க்கரை போட்ட நான்கு பீப்பாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அம்மா அதைக் கொட்டவில்லை. வாயைத் திறந்துவைத்துப் புளிக்கவிட்டு, சாமியாரிடம் சொல்லிவிட்டுக் காடியாக்கினார். ஊறுகாய் போடுகிறவர்களும் ஓட்டல்காரர்களும் வாங்கிப் போனார்கள். பாட்டிலில் ஒட்ட அண்ணன் சீட்டு அச்சடித்து வந்தபோது அதில் 'சுத்தமான திராட்சைக் காடி' என்று இருந்தது. அம்மா அத்தனையையும் திருப்பி அனுப்பி, 'திராட்சை, நாட்டுச் சர்க்கரை' என்று இரண்டையும் போட்டு அச்சடிக்கவைத்தார். வேடிக்கை என்னவென்றால் அந்த ருசி ஜனங்களுக்குப் பிடித்துப்போய், அதே மாதிரி வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா காடிக்கென்று தனிக் கொட்டகை போட்டார். இன்று அண்ணன் பம்பு கம்பெனியை விட்டுவிட்டு அதைத்தான் நடத்துகிறார். இருபது குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன, வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் கணவனை இழந்த பெண்கள். அம்மா ஆள் எடுக்கும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தப்பு நடந்தா மறைக்காம வந்து சொல்லுவீங்களா அம்மிணி?"

தொழில் வளர்ந்தது, கூடவே அந்தப் பேச்சும் வளர்ந்தது. அதை வளர்த்தவர் குடைக்காரர்தான். கெட்ட எண்ணத்தில் அல்ல, அம்மாமீது வந்த மதிப்பில்! தன் மகளையே எங்கள் அண்ணனுக்குக் கொடுத்தார். நிச்சயதார்த்தப் பந்தலில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "இந்தம்மா ஒரு காலத்துல தப்புப் பண்ணுனவிகதான். ஆனா யாருங் கேக்காமயே வந்து ஒத்துக்கிட்டாங்க. திருந்துன மனசு பெரிய மனசு. அதுக்காவத்தான் பொண்ணு குடுக்கறேன்" என்றார். சனங்கள் கை தட்டினார்கள். அம்மா வெற்றிலைத் தட்டோடு தலை குனிந்து நின்றார். பக்கத்தில் நான், கைக்குழந்தையோடு. அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்று எந்த மேடை கிடைத்தாலும் அவர் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. செய்யாத தப்புக்குத் திருந்தியவர் என்று கைதட்டு வாங்கிக்கொண்டு நிற்பது எத்தனை பாரம் என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஒருவர் வாயால் திட்டினால் எதிர்த்துப் பேசலாம், மெச்சினால் என்ன செய்வது?

நான் எத்தனையோ முறை கேட்டேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, நரை விழுந்த பிறகும் கேட்டேன். போன வருடம் அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, கடைசி வாரத்தில் ஒரு நாள் காலை கஞ்சி ஊட்டும்போதும் கேட்டேன். சிறுநீரகம் பழுதாகி உடம்பெல்லாம் வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் எந்தப் பந்தலில் கவாத்து முடிந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இப்பவாச்சும் சொல்லிர்றனுங்களா?"

"எதுக்கு கண்ணு? எனக்கும் சாமிக்குந் தெரியுமல்ல."

"எனக்குத் தாங்கலீங்கம்மா."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். "நான் இருக்கற வரைக்கும் வேண்டாம். அதுக்கப்பறம் உன்ற இஷ்டம்" என்றார். மூன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் மூச்சு அடங்கியது.

அதனால் எழுதிவிட்டேன். எழுதியதும் முதலில் என் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அத்தைய நானே ஒருக்கா இதச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருக்கறேன்" என்று மட்டும் சொல்லி வெளியே போய்விட்டார். அடுத்து அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணியின் அப்பாதான் குடைக்காரர், அவர் இறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகின்றன. கடைசிவரை அம்மா தப்புச் செய்து திருந்தியவர் என்று நம்பியே போனார். அண்ணி இரண்டு முறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதை அச்சில் போட்டால் அவர் அப்பா பேச்சு பொய்யாகிவிடுமே என்று நான் தயங்கினேன்.

"எங்கப்பா இருந்திருந்தா இதையும் மேடையேறிச் சொல்லியிருப்பாருங்க" என்றார் அண்ணி. "அவரு இல்ல. நீங்கதாஞ் சொல்லோணும். அச்சுக்குக் குடுத்துருங்க. கீழ பேரும் போட்டுருங்க."

அம்மா நோயில் கிடந்த நாட்களில் மாறி மாறி வந்து பார்த்துக்கொண்ட காடிக் கொட்டகைப் பெண்களுக்கும், மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகக் கார் ஓட்டிய அண்ணன் மகனுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குச் சாமியாருக்கும், வயலும் பந்தலும் தாண்டி நடந்து வந்து செபமாலை சொன்ன மடத்துச் சிஸ்டர்களுக்கும், அடக்கத்துக்குப் பந்தல் போட்டுச் சோறாக்கிப் போட்ட ஊராருக்கும், தோட்டத்துப் பெரியவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. அம்மாவைப் பற்றி நல்லது பேசிய அத்தனை பேருக்கும் நன்றி. அம்மாவுக்குத் திருந்த வேண்டிய தப்பு ஒன்றும் இருந்ததில்லை. இனி அந்தக் கதையைச் சொல்லும்போது இதைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்று உங்கள் கால் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்க்கரை போட்ட மகள்
ஜெசிந்தா